0.39-இல் நின்ற லேப்டாப்பும் கேணிக்கரை மாடிக் கடையும்

என் லேப்டாப்பைச் சரிசெய்த ரிப்பேர் கடை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், புலம்பல் அப்புறம். ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு தையல் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு போகிறது. எதிரே யாராவது இறங்கினால் நீங்கள் திரும்பிக் கீழே வந்தாக வேண்டும். மேலே ஒரே அறை. போர்டு உண்டு; வெயிலில் வெளுத்துப்போய் ‘லேப்’ என்ற இரண்டு எழுத்தும் போன் நம்பரில் பாதியும்தான் மிச்சம். உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தலையில் மாட்டிய விளக்கோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். துபாயில் பதினைந்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் பாய் என்கிறார்கள், நானும் அப்படியே.

நான் ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. பின்வாசலில் நின்றால் கடல் தெரியும். மல்லிகை நாற்று வளர்ப்பவர்கள் வெளியூர் பார்சலுக்கு ஒட்டும் விலாசச் சீட்டு அடிக்க வருவார்கள். படகுக்காரர்கள் டீசல் மானியப் பேப்பரோடு வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று கடைசி நாள் ராத்திரி வருவார்கள். இத்தனையையும் தாங்குவது ஒரே ஒரு லேப்டாப். 2021-இல் பழையதாக 23,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்டெல் ஐ5-8250யு பிராசஸர், அதாவது சிபியு. நாலு கோர், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தால் 3.4 வரை எகிறும். இந்த எண்களெல்லாம் மே மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மே மாதம் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைக்குத் திருவிழா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட பேப்பர் வேலைகளை ஆம்பளைகள் அப்போதுதான் மஞ்சப்பையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதோடு பிளஸ் டூ ரிசல்ட், இன்ஜினியரிங் கவுன்சலிங் பதிவு. சரியாக அந்த நேரம் பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. அணையவில்லை, திரை போகவில்லை, சத்தம்கூட இல்லை. வேகம் மட்டும் இல்லை. ஒரு பி.டி.எஃப் திறக்க ஒரு நிமிஷம். நான் தட்டி முடித்து டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எழுத்து வந்துகொண்டிருக்கும். சான்றிதழை ஸ்கேன் செய்து அளவைக் குறைத்து ஏற்றுவதற்குள் சைட் எங்களை வெளியே தள்ளிவிடும். மகளுக்காக வந்து காத்திருந்த ஒரு படகு டிரைவர், “தடை முடிஞ்சு நான் கடலுக்கே போயிருவேன் போலயேம்மா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் காட்டிய இடத்தின் பெயர் வேண்டாம். தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அந்தத் தம்பி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “சிபியு 24 பர்சன்ட்தான் ஓடுது அக்கா, அதுல குறையில்ல, ஹார்டு டிஸ்க்தான் போச்சு” என்று சொல்லி, அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாட்டினார். 2,600 ரூபாய். திறக்கும் நேரம் கொஞ்சம் குறைந்தது, மற்றபடி அதே ஊர்வலம். அவர் பார்த்த அதே பக்கத்தில், அந்த 24-க்குப் பக்கத்திலேயே, வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நானும் பார்த்தேன். ஏதோ ஒரு நம்பர் என்று விட்டுவிட்டேன்.

இந்த 24 பர்சன்ட் விஷயத்தைப் பாய் பிற்பாடு விளக்கியபோதுதான் என் 2,600 எங்கே போனது என்று புரிந்தது. என் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் அந்தப் பக்கத்தில் காட்டிய சதவீதம் பிராசஸரின் அடிப்படை வேகத்தை வைத்துக் கணக்கிடுவது. 1.6-இல் ஓட வேண்டியது 0.39-இல் ஓடினால், அது மூச்சுமுட்ட உழைத்தாலும் கணக்கில் 24-ஐத் தாண்டாது. பார்க்கிறவருக்கு முக்கால்வாசி சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் நூற்றுக்கு நூறு திணறிக்கொண்டிருக்கும். உங்கள் கணினி ஆமையாக நகரும்போது சிபியு சதவீதமும் குறைவாகவே இருந்தால், சதவீதத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்திலிருக்கும் வேகத்தைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் போதும். காசு கேட்காது.

இரண்டாவது இடம் கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன் எல்லாம் உள்ள இடம். இருபது நிமிஷத்தில் மதர்போர்டு என்று தீர்ப்பு வந்தது. 14,500 ரூபாய், இல்லாவிட்டால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், இதே மாடியில் இருக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது மெக்கானிக் என் மகன். பன்னிரண்டாம் வகுப்பு. ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்துவிட்டு த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளை இறக்கினான். அதில் பி.டி. பிராக்ஹாட் என்ற பெட்டிக்குள் இருந்த டிக்கை எடுத்ததும் வேகம் 0.39-இலிருந்து 2.8-க்குப் பாய்ந்தது. வீட்டில் கைதட்டல். அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் மறுபடி 0.39. தூங்கி எழுந்தாலும் அணைத்துப் போட்டாலும் அந்த டிக் திரும்பி வந்துவிடும். அவன் எனக்கு எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு டியூஷன் போய்விட்டான். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். எதையோ மூடி மறைக்கிறோம் என்ற உறுத்தல் மட்டும் இருந்தது. நாற்று வியாபாரி ஒருவர்தான் கேணிக்கரைக் கடையைச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி வழியாக ஒன்றேகால் மணி நேரம். கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்.

என் முறை வந்ததும் பாய் லேப்டாப்பைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். எப்போதிலிருந்து? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? தண்ணீர், டீ ஏதாவது? அப்புறம், “சார்ஜ் ஏறுதா தங்கச்சி?”

“லைட் எரியுது பாய்.”

“லைட் எரியறதக் கேக்கல. பர்சன்ட் ஏறுதா?”

நான் திரையைப் பார்த்தேன். 31. யோசித்துப் பார்த்தால் மே மாதம் முழுக்க அது 31-இலேயேதான் நின்றிருக்கிறது. பேட்டரி பழசு, இருபது நிமிஷம்கூடத் தாங்காது என்பதால் நான் சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை. எப்போதும் சொருகியே கிடக்கும்.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். வெப்பம் 46 டிகிரி. இந்த பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டால்தான் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அதன் சொந்த வெப்பக் கட்டுப்பாடு என்ற வரியில் ‘இல்லை’ என்றிருந்தது. வெளியிலிருந்து வரும் பிராக்ஹாட் என்ற வரியில் மட்டும் ‘ஆம்’. பிராசஸர் சூடு என்பதன் சுருக்கம்தான் பிராக்ஹாட்டாம். பி.டி. என்றால் இருவழி. பிராசஸருக்குச் சூடானால் அது அந்தக் கம்பி வழியே மற்றவர்களுக்குச் சொல்லும். போர்டில் வேறு எதற்காவது ஆபத்து என்றால் அதே கம்பியை இழுத்து பிராசஸரை அடக்கலாம். “ஒங்க பிராசஸர் குளுகுளுன்னு இருக்கு. வேற யாரோ கம்பிய இழுத்துப் புடிச்சிருக்காங்க. ஆருன்னு பாப்போம்” என்றார்.

பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவு 100 பர்சன்ட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. அது சரியாக இருந்தது. உடனே சார்ஜரைப் பிடுங்கினார்.

3.1 கிகாஹெர்ட்ஸ்.

சொருகினார். 0.39. பிடுங்கினார், 3.1. சொருகினார், 0.39. மூன்று தடவை செய்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதமாக நான் ஒரே ஒரு தடவை அந்த வயரை உருவியிருந்தால் போதும். கண்ணாடிக் கதவுக்காரர்களும் உருவவில்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல்.

சார்ஜர் முனையைக் காட்டி அவர் சொன்னது இது. சில கம்பெனி சார்ஜர்களில் வெளி வளையமும் உள் வளையமும் 19.5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும். நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி லேப்டாப்பை ஓட்டும் மின்சாரத்தைக் கொண்டுவராது. சார்ஜருக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. ‘நான் 65 வாட்’ என்று அது சொல்லும் சேதி அந்த ஊசி வழியாகத்தான் போகும். சேதி வராவிட்டால் லேப்டாப்புக்கு வந்திருப்பது 65 வாட்டா, ஏதோ ஒரு டூப்ளிகேட்டா என்று தெரியாது. தெரியாத சார்ஜரை நம்பி முழு வேகத்தில் இழுத்தால் அது உருகலாம். அதனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, பிராசஸரையும் கடைசிப் படிக்கு இறக்கிவிடும். பிராசஸருக்கு அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை நாலால் பெருக்கினால் 400, அதாவது 0.4 கிகாஹெர்ட்ஸ். என் 0.39 அதுதான். மின்சாரம் மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டே இருப்பதால் விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் சார்ஜரில் குறையில்லை என்றோம்.

விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போனால், அடாப்டர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று வந்தது. “ஆன் பண்ணும்போது ஒரு எச்சரிக்கை வந்திருக்கணுமே?” என்றார். வந்தது. முதல் ஒரு வாரம் தினமும் வந்தது, நான் தினமும் என்டர் தட்டிக் கடந்தேன். எஸ்எஸ்டி போட்ட தம்பி ‘இது சும்மா தொந்தரவு’ என்று அதை பயாஸிலேயே அணைத்துக் கொடுத்தார். நன்றியெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மகன் எடுத்த டிக் பற்றியும் கேட்டேன். பாய் திட்டவில்லை. அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், பிராசஸரின் சொந்த 100 டிகிரிப் பாதுகாப்பு அதனால் போகாது என்றார். ஆனால் சார்ஜரோ போர்டோ கத்துவதை பிராசஸர் கேட்காமல் போகும். “போட்ல இன்ஜின் சூடாச்சுன்னு மணி அடிக்குது. டிரைவர் மணி வயரப் புடுங்கி விட்டுட்டு ஓட்டுனா நீங்க அந்த போட்ல ஏறுவீங்களா?” என் வீட்டுக்காரர் படகு டிரைவர் என்று இவருக்கு யார் சொன்னார்களோ.

தன் சொந்த சார்ஜரைச் சொருகிப் பார்த்தார். அப்போதும் 0.39. ஆக, சார்ஜர் நல்லது. ஜாக் எனப்படும் சொருகும் ஓட்டைதான் குற்றவாளி. பின்மூடியைக் கழற்றினார். எனக்கு வெட்கமான இடம் இதுதான். ஜாக்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “தேங்கா எண்ணெய் வாசம் வருதே தங்கச்சி?” என்றார்.

தீவில் இருப்பவர்களுக்குப் புரியும். எங்கள் வீட்டில் பூட்டு, தாழ்ப்பாள், சைக்கிள் செயின், தையல் மெஷின் எதுவானாலும் மாமியார் மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விடுவார். விடாவிட்டால் துரு. மார்ச் வாக்கில் சார்ஜர் பின் இறுக்கமாகப் போகிறது என்று நானும் ஒரு சொட்டு விட்டேன். கை வழக்கம். அந்த எண்ணெயில் கச்சான் காற்று கொண்டுவந்த மணலும் உப்பும் ஒட்டி, நடு ஊசி உட்காரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. பூதக்கண்ணாடியில் காட்டினார். பாசி பிடித்த படித்துறை மாதிரி இருந்தது. மின்சாரம் வரும் வளையங்கள் தடிமனானவை, கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகும். சேதி கொண்டுபோகும் ஊசியில் ஓடுவது மிகச் சின்ன மின்னோட்டம். மெல்லிய படலம் படிந்தாலே வாய் அடைத்துவிடும். உப்பு, காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். எங்கள் ஊரில் விடியற்காலை ஜாடியைத் திறந்தாலே தெரியும். அந்தக் கசிவுதான் உலோகத்தைத் தின்கிறது. பாம்பன் பழைய ரயில் பாலத்திலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி ரகப் பெயின்டும் போட்டிருக்கிறார்கள். என் ஜாக்குக்குப் போட்டது தேங்காய் எண்ணெய்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை முக்கித் துடைத்தார். அடாப்டர் இடத்தில் 65 வாட் என்று வந்தது, வயரை அசைத்ததும் போய்விட்டது. “இத இப்படியே குடுத்தா ஒரு மாசம் ஓடும், அப்புறம் நீங்க என்னைத் திட்டுவீங்க” என்று சொல்லி ஜாக்கையே மாற்றிவிடலாம் என்றார். இந்த மாடலில் ஜாக் போர்டில் பற்றவைக்கப்பட்டதில்லை. சின்ன வயரோடு தனியாகக் கழன்று வருவது. 450 ரூபாய். அவரிடமே ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தாயிற்றே என்று ஃபேனையும் சுத்தம் செய்து பிராசஸருக்கு வெப்பப் பசையும் புதிதாகத் தடவச் சொன்னேன். அதை அவர் தள்ளவில்லை, நான்தான் கேட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாற்பது நிமிஷம் தலைவிளக்கு வெளிச்சத்தில் திருகாணிகளை ஒரு ஐஸ் தட்டில் வரிசையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, துபாயில் ஏசி நின்றால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து டீ வரவழைத்தார். காசு கொடுக்க விடவில்லை.

முடிந்ததும் சும்மா மூடிக் கொடுத்துவிடவில்லை. கால் மணி நேரம் முழுப் பளு கொடுத்து ஓடவிட்டார். வேகம் 3.4-ஐத் தொட்டது, அரை நிமிஷம் போனதும் 2.4 பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. எனக்குப் பகீரென்றது. அது நோய் இல்லையாம். இந்த பிராசஸர் 15 வாட்டுக்காக வடிவமைத்தது. கொஞ்ச நேரம் அதற்கு மேல் இழுத்து ஓடும், அப்புறம் வாட் கணக்குக்குள் வந்து நிற்கும். அடிப்படையான 1.6-க்கு மேலே இருக்கிறவரை கவலைப்படாதே என்றார். வெப்பம் 77-ஐத் தாண்டவில்லை. பேட்டரி 31-இலிருந்து 32 ஆனதை நான் என் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஜாக் 450, கூலி 400, சுத்தம் செய்யவும் பசைக்கும் 300. மொத்தம் 1,150 ரூபாய், ஜிபேயில் போட்டேன். இதற்கு முன் கொடுத்த 2,600-ஐ நினைத்தால் வயிறு எரிகிறது. எஸ்எஸ்டி நல்லதுதான், ஆனால் அந்த நோய்க்கு அது மருந்தில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரம் என்று சொன்ன வேலைக்கு மூன்றரை மணி ஆயிற்று. கரண்ட் போனதைக் கழித்தாலும் கணக்கு உதைக்கிறது. போன் எடுக்கவே மாட்டார். எடுக்காததற்கு வருத்தமும் கிடையாது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை கடை சாத்தியிருக்கும், தெரியாமல் போனால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். பில் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஜாக்குக்கு மூன்று மாதம் பொறுப்பு என்பதும் அதே தாளில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் படியில் ஏற முடியாது. கேட்காவிட்டாலும் பாடம் நடத்துவார். எனக்குப் பிடித்தது, பின்னால் காத்திருந்த பையனுக்குப் பிடிக்கவில்லை. ஐந்துக்கு நாலு தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று அந்தப் போனுக்காக.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. கடல் பக்கத்து ஜன்னலோரம் இருந்த மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டேன். ராத்திரி பருத்தித் துண்டு போட்டு மூடுகிறேன். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிவிடும் என்றார். வாரம் ஒரு தடவை சார்ஜர் முனையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வேகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். மாமியாரிடம் லேப்டாப் பக்கம் எண்ணெயோடு வராதீர்கள் என்று சொன்னதற்கு, விட்டது நீதானே என்றார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பாய் பிரிண்டர் பார்ப்பதில்லை. தூக்கிக்கொண்டு போனால் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், நான் போய்த் திரும்பி வந்தவள். என் கடை பிரிண்டர் இப்போது மூன்று தாளைச் சேர்த்து இழுக்கிறது. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நல்ல ஆள் தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.